மாணாக்கர் நலமும் உழைச்செல்வானும்

உடல்நலம் இன்றேல் கல்வி இல்லை என்பதை மறுப்பார் யாருமிலர். காய்ச்சல் கண்டு படுத்திருக்கும் மாணாக்கன் ஒருவனை நோக்கி, "நீ வகுப்பிற்கு வாராதது உன் சோம்பலே" என்று கூறும் ஆசிரியரை யாம் கண்டதில்லை. அவன் அறைக்குக் கஞ்சி செல்கின்றது. தோழர் தலைமாட்டில் இருக்கின்றனர். மருத்துவர் சான்று ஒன்று காட்டிவிட்டால் வருகைப் பதிவேடும் அவன்மீது இரக்கம் கொள்கின்றது. அதே மாணாக்கன் உள்ளம் நொந்து, உண்ணாமலும் உறங்காமலும் சுவரை நோக்கிக் கிடப்பானாயின், அவனுக்குக் கஞ்சி கொண்டு செல்வார் யார்? அவனுக்கு நாம் இடும் பெயர்கள் மூன்று: சோம்பேறி என்பது ஒன்று, கர்வம் பிடித்தவன் என்பது ஒன்று, பைத்தியம் என்பது மற்றொன்று. இம்மூன்றனுள் எதுவும் நோயின் பெயர் அன்று. உடல்நோய்க்கு ஒரு நீதியும் உளநோய்க்கு ஒரு நீதியுமாக நாம் நடந்துகொள்ளுதல் தகுமோ என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு நிகழ்ந்தது ஒன்றை ஈண்டுக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அதற்குரியவரின் இசைவு பெற்றே எழுதுகின்றோம். பெயரும் ஊரும் குறித்திலோம். எம் விடுதியில் எமக்கு அடுத்த அறையில் இருந்தவர் அத்தோழர்; சிற்றூரினின்று வந்தவர்; தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவர். முதற்பருவத்தில் பந்தாட்டத்திலும் பாட்டிலும் முன்னின்ற அவர், இரண்டாம் பருவத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கலானார். காலையுணவிற்கு வருதல் நின்றது; பின்னர் இரவுணவிற்கு வருதலும் அருகியது. வயிறு வலிக்கின்றது என்றார். இருமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரை கொடுத்தனர், வலி நீங்கவில்லை. "வீட்டு நினைவு, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று யாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். ஒருநாள் மாலை அவர் எம் அறைக்கு வந்து, தம்மிடமிருந்த நல்ல பேனாவையும் யாப்பருங்கலக் காரிகைப் பிரதி ஒன்றையும் எம் கையில் வைத்து, "இவை எனக்கு இனி வேண்டியதில்லை" என்றார். யாம் அதனை நட்பின் கொடை என்று எண்ணி மகிழ்ந்து பெற்றுக்கொண்டோம். அக்கொடையின் பொருள் இன்னது என்று அறியும் அறிவு எமக்கு அன்று இல்லை.

அன்று இரவு அவர் தாயார் வழக்கம்போல் தொலைபேசியில் பேசினார். மகன் குரலில் என்ன கேட்டாரோ அறியோம். விடியற்காலை முதற் பேருந்தில் புறப்பட்டு நண்பகலுக்குள் விடுதி வாயிலில் வந்து நின்றார். மகனைக் கையோடு அழைத்துச் சென்றார். எழுத்தறியாத அத்தாய் ஒரு குரலில் கண்டதனை, அணியும் யாப்பும் கற்ற யாம் மூன்று திங்கள் பக்கத்து அறையில் இருந்தும் காணவில்லை. தோழர் முறையாக மருத்துவம் பெற்றுத் தேறினார். ஓர் ஆண்டு இழந்து, இவ்வாண்டு மீண்டும் வந்து பயில்கின்றார். அவர் எம்மிடம் சொன்னது இது: "அன்று உங்களுள் ஒருவராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டதெல்லாம் மெஸ்ஸிற்கு வருகின்றாயா என்பது ஒன்றுதான்."

இச்சொல் எம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. அதன்பின் திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் பயின்றபோது, அதன் இறுதிக் குறள் எமக்குப் புதிய பொருள் தந்தது. மருந்து என்பது நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்தாகிய பொருள், அருகிருந்து பேணுகின்ற உழைச்செல்வான் என நான்கு கூறுபாடுகளை உடையது என்பது அக்குறளின் கருத்து. பரிமேலழகர் இந்நான்கிற்கும் வேண்டும் இயல்புகளைத் தனித்தனியே வகுத்துரைத்தார். நோயுற்றவனுக்கு வேண்டியவற்றுள் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மையையும் ஒன்றாக வைத்தார். உழைச்செல்வானுக்கு வேண்டியவற்றுள் நோயாளியிடத்து அன்புடைமையை முன்வைத்தார்.

இங்கேதான் உடல்நோயும் உளநோயும் வேறுபடுகின்றன. பல்வலி உற்றவன் பல்லைக் காட்டுவான். கால் முறிந்தவன் காலைக் காட்டுவான். உளநோய் உற்றவனுக்கோ நோய் முதலிற் பறித்துக்கொள்வது அவ்வுணர்த்தும் வன்மையையே. தன்னைப்பற்றிப் பேசத் தான் தகுதியற்றவன் என்று அவன் நம்புகின்றான். பேசினால் நகைப்பர் என்று அஞ்சுகின்றான். சில வேளைகளில் தன் துன்பத்திற்குப் பெயர் உண்டென்பதையே அறியான். வயிற்றுவலி என்று எம் தோழர் சொன்னது பொய்யன்று. உள்ளத்தின் வலி உடலில் வந்து நின்று, தனக்குக் கிடைத்த சொல்லால் தன்னை உணர்த்தியது. ஆதலின் உளநோய்க்கு மருத்துவனும் மருந்தும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதவன் உழைச்செல்வான். நாவிழந்தவனுக்கு நாவாய் நின்று, அவனை மருத்துவன் வாயில்வரை கொண்டு சேர்ப்பவன் அவனே.

மாணாக்கர் நலத்தைக் கல்லூரியே பேணவேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டு ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் தலைவர் ஸ்டேர்ன்ஸ், மாணாக்கர் பலர் படிப்பு முடியுமுன்னரே உடல் நலிந்து போவதைக் கண்டு கவன்றார். அக்கவலையின் பயனாக உடல்நலத்திற்கும் உடற்பயிற்சிக்கும் என அங்கு ஒரு துறை ஏற்பட்டது. 1861-ஆம் ஆண்டில் எட்வர்டு ஹிட்ச்காக் என்னும் மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். கல்லூரி மருத்துவப் பணியின் தொடக்கமாக அதனையே குறிப்பர். மனநலத்திற்கு எனத் தனி ஏற்பாடு 1910-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பேட்டன் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 50 ஆண்டு. மாணாக்கனுக்கு உடல் உண்டென்று ஒப்புக்கொண்டவர்கள் அவனுக்கு உள்ளமும் உண்டென்று ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு சென்றது. நாமும் அத்துணைக் காலம் தாழ்த்தல் வேண்டுமோ?

தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. வாழ்நாளில் தோன்றும் மனநோய்களுள் பாதி 14 வயதளவிலும் முக்காற்பங்கு 24 வயதளவிலும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிற்று. அஃதாவது, நாம் கல்லூரியில் இருக்கும் பருவமே அந்நோய் வாயில் தட்டும் பருவம். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணாக்கர் 13,044 பேர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டு ஆணையம் கணக்கிட்டுள்ளது. இவ்வெண்ணைப் படிப்போர் எண்ணாகப் படித்துக் கடந்து செல்லுதல் ஆகாது. அவ்வொவ்வொருவர்க்கும் ஒரு பக்கத்து அறை இருந்தது. அதில் ஒரு தோழன் இருந்தான்.

இனி, உதவி இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. உயிர்துறக்க முயன்று பிழைத்தவரை ஒறுத்தற்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு இருந்தது. 2018-ஆம் ஆண்டு மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடுந்துயரில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்றும், அவர்க்கு அரசு பராமரிப்பு அளித்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் அப்பழைய பிரிவே இடம்பெறவில்லை. சட்டம் தன் முகத்தை மாற்றிக்கொண்டது. நம் முகமே மாறவில்லை.

பணிகளும் பல ஏற்பட்டுள்ளன. துயருற்றோர் சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்பதற்கென்றே மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டில் சென்னையில் 'சிநேகா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அங்குத் தொண்டர்கள் கூலி வேண்டாது கேட்கின்றனர். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-இல் நடுவண் அரசு 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிப் பணியைத் தொடங்கிற்று. 14416 என்னும் எண்ணுக்கு இரவென்றும் பகலென்றும் பாராது கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயரிட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் மருத்துவக் கல்லூரி மாணாக்கர்க்கு 'மனம்' என்னும் பெயரால் மனநல நல்லாதரவு மன்றங்களும் தொடங்கப்பெற்றன. சிநேகம் என்றும் நட்பு என்றும் இவற்றிற்குப் பெயரிட்டோர், அறிந்தோ அறியாமலோ, உழைச்செல்வானின் இலக்கணத்தையே பெயராக இட்டனர் எனலாம்.

2025-ஆம் ஆண்டு ஜூலை 25-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் நம் கல்லூரிகள் யாவும் அறியற்பாலது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நுழைவுத்தேர்விற்குப் பயின்ற 17 வயது மாணவி ஒருவரின் மறைவைப்பற்றிய வழக்கில் அத்தீர்ப்பு எழுந்தது. 100 மாணாக்கர்க்குக் குறையாத ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும். சிறு நிலையங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் ஆண்டில் இருமுறையேனும் பயிற்சி தரவேண்டும். உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கவேண்டும் என்பன அதன் நெறிகளுட் சில. நன்றே. எனினும் ஆலோசகரை அமர்த்தலாம், அறையைத் திறக்கலாம், வாயிலில் பெயர்ப்பலகை மாட்டலாம். அவ்வாயிலை மாணாக்கன் மிதிப்பானோ என்பதே வினா.

அவன் மிதியாமைக்குக் காரணம் நாணம். அந்நாணத்தை நாமே நம் ஏற்பாடுகளால் வளர்க்கின்றோம். ஆலோசனை அறை அலுவலகத்தை அடுத்து, கட்டணம் செலுத்துவோர் வரிசையின் கண்ணெதிரே இருக்குமாயின், அதனுட் புகும் துணிவு யாருக்கு உண்டாகும்? வாயிலில் குறிப்பேடு ஒன்றை விரித்து வைத்து, பெயர், வகுப்பு, வந்த காரணம் ஆகியவற்றை எழுதச் சொல்லின், அவன் தலைவலி என்று எழுதிவிட்டுத் திரும்புவான். ஆகவே அவ்வறை மருந்தகத்தோடு ஒரே கூரையின்கீழ் அமைதல் நலம். காய்ச்சலுக்குச் செல்வோனும் கலக்கத்திற்குச் செல்வோனும் ஒரே வாயிலிற் சென்றால், யார் எதற்குச் சென்றார் என்று காண்போர்க்குத் தெரியாது.

ஆலோசகர் மதிப்பெண் இடும் ஆசிரியராய் இருத்தல் கூடாது. வருகைக் குறைவிற்காக நம்மை அழைத்து வினவும் அவரிடமே, வருகை ஏன் குறைந்தது என்னும் உள்ளக்கதையை எவ்வாறு கூறுவோம்? கேட்டதை அவர் வெளியிடலாகாது. மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்நோயாளர் செய்திகளை மறைவாய்க் காத்தலை உரிமை என்றே கூறுகின்றது. உயிருக்கு இடர் நேரும் என்று அஞ்சும்போது மட்டும் தக்கார்க்கு அறிவிக்க நேரும் என்பதனை அவர் முதல் நாளிலேயே வெளிப்படச் சொல்லிவிடல் வேண்டும். சொன்னால் நம்பிக்கை குறையாது, வளரும்.

அறை திறந்திருக்கும் நேரமும் கருதத்தக்கது. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை என்றால், அஃது யாம் வகுப்பில் இருக்கும் நேரம். உள்ளத்தின் நோய்க்கு மாலையும் இரவுமே கொடிய வேளை. வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளேனும் விடுதி வளாகத்தில் ஆலோசகர் இருத்தல் வேண்டும். மேலும் அவர் தமிழிற் கேட்பவராய் இருத்தல் வேண்டும். தேர்வுத் தாளில் ஆங்கிலம் எழுதலாம்; அழுகையை மொழிபெயர்த்தல் அரிது. மற்றும் ஒன்று: கால் முறிந்தவனுக்கு வருகைச் சலுகை உண்டெனில், மருத்துவர் சான்றோடு வரும் மனநோயாளிக்கும் அதே சலுகை, அதே படிவத்தில் கிடைத்தல் வேண்டும். எம் தோழர் இழந்த ஓர் ஆண்டில் ஒரு பகுதியையேனும் அது காத்திருக்கும்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். "எங்கள் காலத்தில் ஆலோசகர் இலர், மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், ஒருவேளை உண்டோம், உறுதியாய் வளர்ந்தோம்" என்பர் பெரியோர் சிலர். அவர் சொல்லை யாம் மதிக்கின்றோம். ஆயினும் வளர்ந்தோரே இன்று பேசுகின்றனர். இடையில் படிப்பை விட்டு ஊர் திரும்பியோரும், திரும்பாமலே போயினோரும் பேசுகின்றிலர். கரை சேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிக் கடலில் புயல் இல்லை என்று கூறுதல் ஆகுமோ?

வேறு சிலர், "இறைவனை வேண்டுக, குருவானவரிடம் செல்க, அது போதும்" என்பர். கிறிஸ்தவராகிய யாம் செபத்தின் ஆற்றலை மறுப்பவர் அல்லேம். ஆனால் நம் மிஷனரிமார் மலேரியாக் காய்ச்சலுக்குச் செபமும் செய்தனர், கொயினாவும் கொடுத்தனர். கோயிலும் கட்டினர், மருத்துவமனையும் கட்டினர். ஒன்றைச் செய்தவர் மற்றொன்றை விட்டாரல்லர். நல்ல குருவானவர் இன்றும் துன்புற்றவனைத் தட்டிக்கொடுத்து மருத்துவரிடமும் அனுப்பிவைப்பார்.

செலவு மிகும் என்பது மூன்றாவது மறுப்பு. ஆண்டுவிழாப் பந்தலுக்கும் விளக்கிற்கும் நாம் செய்யும் செலவை எண்ணிப்பார்த்து இதற்கு விடை காண்பது பழைய மாணாக்கர் சங்கத்தார்க்கு அரிதன்று. ஒரு கட்டடத்திற்குத் தம் பெயரை இட விரும்பும் பெரியோர், ஓர் ஆலோசகர் ஊதியத்திற்கு வழிசெய்வாராயின், அவர் பெயர் கல்லில் இராது. பல தாய்மார் வாழ்த்தில் இருக்கும்.

இவையெல்லாம் கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம். எம்மையொத்த மாணாக்கர்க்குச் சொல்லவேண்டியது வேறு. ஆலோசகர் வரும்வரை நாம் காத்திருக்கலாகாது. வந்தபின்னும் நம் கடமை தீராது. பந்தாட்டத்தை விரும்பியவன் அதனை விடுகின்றானா, உணவும் உறக்கமும் குறைகின்றனவா, தனக்கு அருமையான பொருள்களைப் பிறர்க்குக் கொடுக்கின்றானா, தான் பிறர்க்குச் சுமை என்று பேசுகின்றானா, எனக் கண்ணுற்றிருத்தல் வேண்டும். கண்டால் தனியே அழைத்து, "உனக்கு என்ன துன்பம்?" என்று கேட்டல் வேண்டும். உயிரை விட எண்ணுகின்றாயா என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் உண்டாகாது. உள்ளிருப்பது வெளிவரும் என்றே வல்லுநர் கூறுகின்றனர். அவன் சொல்லும்போது அறிவுரை பொழிய வேண்டா, கேட்டலே போதும். "யாரிடமும் சொல்லேன்" என்று ஆணையிட்டுக் கொடுக்கவும் வேண்டா. உயிர் காக்கும் இடத்தில் அவ்வாணை நம்மைக் கட்டிவிடும். அவனைத் தனியே விடாமல் உடனிருந்து, விடுதிக் காப்பாளர்க்கு அறிவித்து, 14416-க்குப் பேசி, மருத்துவர் வாயில்வரை உடன்செல்லுதல் வேண்டும். உடன்செல்லுதல் என்பதே உழைச்செல்வான் என்னும் பெயரின் பாதி. நாம் மருத்துவர் அல்லேம். ஆக முயலவும் வேண்டா. அழைத்துச் செல்லும் கால்கள் நமக்கு உண்டு, அவை போதும்.

தோழர் மீண்டு வந்த நாளில், அவர் கொடுத்த பேனாவையும் காரிகையையும் அவரிடமே திருப்பித் தந்தோம். நூலை வாங்கிக்கொண்டார், பேனா எம்மிடமே இருக்கட்டும் என்றார். இக்கட்டுரையை அப்பேனாவால் எழுதினோம். இதனைப் படிப்போருள் ஒருவரேனும் இன்றிரவு பக்கத்து அறையின் கதவைத் தட்டி, "சாப்பிட்டாயா?" என்பதோடு நில்லாமல், "எப்படி இருக்கின்றாய்?" என்றும் கேட்டு, விடை வரும்வரை அங்கேயே அமர்ந்திருப்பாராயின், யாம் எழுதியதன் பயனைப் பெற்றோம் ஆவோம்.